சைக்கிளை யாரிடம் விட்டுவிட்டு வருவது?

வாசகியின் கடிதம் (சுருக்கி):

"வணக்கம் ஐயா. தென் மாவட்டம் ஒன்றில் நிலத்தடி நீர்ப் பிரிவில் நிலவியலாளராக இருக்கிறேன். வயது 39. போன ஆகஸ்டில் அமெரிக்க அரசின் ஹம்ஃப்ரி ஃபெலோஷிப் என்ற உதவித்தொகையில் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்தேன். பத்து மாதம் ஓடிவிட்டது, இன்னும் மூன்று வாரம்தான் பாக்கி. எட்டு வயது மகளைக் கணவரிடமும் மாமியாரிடமும் விட்டுவிட்டு வந்தவள் நான். முதல் இரண்டு மாதம் எப்போது ஊருக்குப் போவோம் என்று நாள் எண்ணினேன். இப்போது போக வேண்டிய நேரத்தில் போக மனமில்லை. போன சனிக்கிழமை உழவர் சந்தையில் செர்ரி வாங்கிக்கொண்டு நின்றபோது காரணமே இல்லாமல் அழுகை வந்துவிட்டது. மகளை நினைத்தால் குற்ற உணர்வு, அலுவலகத்தை நினைத்தால் பயம். இங்கே கற்றதை அங்கே யார் கேட்கப் போகிறார்கள்? அதே நாற்காலி, அதே கோப்பு, அதே தபால். எனக்கு முன்னால் வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போய் வந்த ஒருவரைச் சம்பந்தமே இல்லாத பிரிவில் தூக்கிப் போட்டார்கள். 'வெய்வர் (ஊர் திரும்பும் விதியிலிருந்து விலக்கு) வாங்கிக்கொண்டு இங்கேயே இருந்துவிடு' என்கிறார்கள் இங்குள்ள சிலர். பயிற்சி முடிந்து 30 நாள் தங்கலாம், ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வா என்கிறார் கணவர். அதற்கும் மனம் ஒப்பவில்லை. எதை எடுத்துக்கொண்டு, எப்படித் திரும்புவது? இன்னொன்று, சிரிக்காதீர்கள்: இங்கே வாங்கிய பழைய சைக்கிளை ஊருக்குக் கொண்டுவர முடியுமா?"

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சிரிக்கவில்லை. சைக்கிள் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன், அதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு.

முதலில் அந்தச் செர்ரி. அழுததைக் கணவரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். 'ஊருக்கு வரப் பிடிக்கவில்லையோ' என்று அவர் நினைத்துவிடுவார் என்ற பயம் இருக்கும். நானும் என் மனைவியிடம் சொல்லவில்லை. 1992 அக்டோபரில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துக்குப் போனேன். 1957-லிருந்து உலகமெங்கும் உள்ள பொறியாளர்களுக்கு நீரியல் படிப்பு நடத்தும் நிறுவனம் அங்கே இருக்கிறது. பதினோரு மாதப் படிப்பு. முடிந்து ஸ்கிபோல் விமான நிலையத்துக்கு ரயிலில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். எதிரே இருந்த கானா நாட்டுக்காரரும் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார். லெய்டன் தாண்டும்வரை இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அப்போது வயது 35.

அந்த அழுகை ஹாலந்துக்காக வந்தது என்றுதான் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். கால்வாய், துலிப், நேரத்துக்கு வரும் ரயில் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். இப்போது யோசித்தால் அதெல்லாம் இல்லை. பதினோரு மாதம் யாரும் என்னிடம் கையெழுத்துக்குக் கோப்பு நீட்டவில்லை. காலையில் ஒரு சந்தேகம் வந்தால் மாலைவரை அதையே யோசிக்கலாம். தெரியவில்லை என்று சொன்னால் யாரும் ஏளனமாகப் பார்க்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த பிறகு அப்படி ஒரு காலம் எனக்கு அதற்கு முன்னும் வாய்க்கவில்லை, பின்னும் வாய்க்கவில்லை. நீங்கள் சந்தையில் நின்று அழுததும் இதற்காகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. தவறாக இருந்தால் மன்னியுங்கள். சரியாக இருந்தால் நல்ல செய்தி. ஏனென்றால் டேவிஸை மூட்டை கட்டிக்கொண்டு வர முடியாது, ஆனால் யோசிக்கும் நேரத்தில் கொஞ்சத்தைக் கொண்டுவர வழி உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

உங்களுக்கு நேர்வது புதிதும் இல்லை. 1955-ல் வெளியான ஆய்வுக்காக லிஸ்கார்ட் என்ற நார்வே சமூகவியலாளர், ஃபுல்பிரைட் என்ற அமெரிக்க அரசு உதவித்தொகையில் அமெரிக்கா போய்த் திரும்பிய தன் நாட்டவர் 200 பேருக்கு மேல் சந்தித்துக் கேட்டார். போன புதிதில் உற்சாகம், நடுவில் தாழ்வு, அப்புறம் மெல்ல ஏற்றம் என்று ஒரு வளைவை வரைந்தார். கலஹார்ன் என்ற அமெரிக்கத் தம்பதியர் 1963-ல் அதே வளைவை நீட்டினார்கள். ஊர் திரும்பியபின் இன்னொரு தாழ்வு, இன்னொரு ஏற்றம். ஒரு வளைவு இரண்டாகிவிட்டது. எல்லாரும் இந்தக் கோட்டின்மேலேயே நடப்பதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின, அதனால் இதை ஜாதகம்போல் எடுத்துக்கொள்ள வேண்டாம். போகும்போது வரும் தாழ்வுக்கு எல்லாரும் நம்மைத் தயார்செய்து அனுப்புகிறார்கள். திரும்பும்போது வருவதற்கு யாரும் தயார் செய்வதில்லை. 'சொந்த ஊருக்குத்தானே வருகிறாய், அதில் என்ன கஷ்டம்?' என்பார்கள். கஷ்டமே அந்தக் கேள்விதான்.

இனி வெய்வர். இதை நீட்ட விரும்பவில்லை. உங்களுக்குப் பொருந்துவது, சொந்த நாட்டில் மொத்தம் இரண்டு ஆண்டு இருந்துவிட்டுத்தான் வேலை விசாவோ நிரந்தர வசிப்புரிமையோ கேட்கலாம் என்ற விதி. சுற்றுலாவுக்கும் கருத்தரங்குக்கும் போய்வர அது தடை இல்லை. அமெரிக்க அரசின் பணத்தில் வந்தவர்களுக்கு அதிலிருந்து விலக்கு எளிதில் கிடைப்பதில்லை. அதைவிட முக்கியமானது ஒன்று. முன்னாள் அமெரிக்கத் துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி இறந்த 1978-ல் அவர் பெயரில் இந்த உதவியைத் தொடங்கியபோதே, பணியின் நடுவயதில் இருப்பவர்கள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போக வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அதனால்தான் பட்டம்கூடக் கொடுப்பதில்லை. இதுவரை 6000 பேருக்கு மேல் இப்படி வந்து திரும்பியிருக்கிறார்கள். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அங்கே தங்கும் ஆசை அதில் ஓரிடத்திலும் இல்லை. மற்றவர்கள் சொன்னதாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். பிறகு ஏன் அதைச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள்?

30 நாள் விஷயத்தில் நான் உங்கள் கணவர் பக்கம், பாதியளவுக்கு. முப்பது நாள் வேண்டாம். ஜூனில் மகளுக்குப் பள்ளி திறந்துவிடும், புதிய வகுப்புக்குப் போகிற முதல் வாரங்களில் நீங்கள் வீட்டில் இருப்பது நல்லது. ஆனால் நான்கு நாளாவது எடுத்துக்கொள்ளுங்கள். கிராண்ட் கேன்யனைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் பாருங்கள். என்னைக் கேட்டால் சாக்ரமென்டோவிலிருந்து ஃப்ரெஸ்னோ பக்கம் போகும் ரயிலில் ஏறி, கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கை இன்னொருமுறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போய் வாருங்கள் என்பேன். அங்கே மென்டோட்டா என்ற ஊர் அருகே எடுத்த அந்தப் புகைப்படம் உங்கள் துறையில் எல்லாருக்கும் தெரியும். மின்கம்பத்தின் அடியில் ஜோசப் போலண்ட் என்ற நிலத்தடி நீர் ஆய்வாளர் நிற்பார், தலைக்கு மேலே வெகு உயரத்தில் 1925 என்று பலகை. நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி 1977-க்குள் தரை சுமார் 9 மீட்டர் இறங்கிவிட்டது, 1925-ல் தரை இருந்த மட்டம் அந்தப் பலகை. இப்படிப்பட்ட மண்ணை விட்டுப் புறப்படும்போது அதோடு நான்கு நாள் தனியாக இருப்பது சுற்றுலா ஆகாது. குற்ற உணர்வும் தேவையில்லை.

இப்போது அலுவலகம். நீங்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான், நான் அதிகம் தவறு செய்ததும் இங்கேதான்.

1993 செப்டம்பரில் திரும்பினேன். முதல் ஆய்வுக் கூட்டத்திலேயே ஆரம்பித்துவிட்டேன்: "ஹாலந்தில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்றால்…" இரண்டாவது கூட்டத்திலும் அதே. ஓவர்ஹெட் புரொஜெக்டருக்காக அறுபது தாள் தயார் செய்துவைத்திருந்தேன், பன்னிரண்டாவது தாளில் மின்சாரம் போயிற்று. அறையில் எழுந்த நிம்மதிப் பெருமூச்சு இன்னும் காதில் இருக்கிறது. தீபாவளிக்குள் எனக்கு 'ஹாலந்து சார்' என்று பெயர் வந்துவிட்டது. டீக்கடைக்காரர் வரை தெரியும். அடுத்த பொங்கலுக்கு முன்னால் நான் படித்ததற்குச் சம்பந்தமில்லாத ஒரு பிரிவுக்கு மாற்றினார்கள். துறை என் திறமையை மதிக்கவில்லை என்று பொருமினேன். அது முழுப் பொய் இல்லை. ஆனால் நான்கு மாதமாக என் கூட இருந்தவர்கள் ஒருவரிடமாவது 'நான் இல்லாதபோது இங்கே என்ன நடந்தது?' என்று நான் கேட்கவில்லை என்பதும் உண்மை. கொண்டுவந்த குறிப்புகளை ஒரு மரப்பெட்டியில் போட்டு அலுவலகப் பொருளறையில் வைத்தேன். அதைக் கரையான் படித்து முடித்தது.

அதனால் என் முதல் யோசனை உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். சேர்ந்த முதல் ஆறு மாதம் 'கலிஃபோர்னியாவில்' என்று தொடங்கும் வாக்கியத்தை நீங்களாகச் சொல்லாதீர்கள். யாராவது கேட்டால் சொல்லுங்கள். கேட்பார்கள். முதலில் கேட்கப்போவது இரண்டே கேள்வி: 'எவ்வளவு குடுத்தாங்க?', 'ஏன் மேடம் திரும்பி வந்தீங்க?' இரண்டுக்கும் கோபப்படாமல் பதில் சொல்லிவிட்டால் மூன்றாவதாக ஒரு நல்ல கேள்வி வரும். வேலையைப் பற்றிய கேள்வியாக அது இருக்கும்.

அப்போதும் கலிஃபோர்னியாக்காரர்களுடைய வெற்றியைச் சொல்வதற்கு முன்னால் அவர்கள் பட்ட பாட்டைச் சொல்லுங்கள். 2014-ல் கலிஃபோர்னியாவில் நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது. அதுவரை அந்தப் பணக்கார மாநிலத்தில் மாநிலம் முழுவதற்குமான ஒரு கட்டுப்பாடே கிடையாது. கடும் வறட்சியில் ஈஸ்ட் போர்ட்டர்வில் என்ற சிற்றூரில் வீட்டுக் கிணறுகள் வறண்டு, ஜனங்கள் லாரித் தண்ணீருக்கும் பாட்டில் தண்ணீருக்கும் காத்திருந்த அதே ஆண்டு அது. உள்ளூர் அமைப்புகளே திட்டம் போடவேண்டும், மிக மோசமான நிலத்தடி நீர்ப் படுகைகள் 2040-க்குள் சமநிலைக்கு வரவேண்டும் என்றார்கள். 2023-ல் ஆறு படுகைகளின் திட்டங்கள் போதாது என்று மாநிலமே தள்ளியது. 2024-ல் டுலாரே ஏரிப் படுகையை நேரடிக் கண்காணிப்பில் வைத்தது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். இதை நம் ஆட்களிடம் சொல்லிப் பாருங்கள், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்பார்கள். அங்கேயும் இப்படித்தானா என்ற ஆறுதலில் தொடங்கும் பேச்சு, நம் ஊரில் 2003-ல் நிறைவேற்றிய நிலத்தடி நீர்ச் சட்டம் நடைமுறைக்கே வராமல் 2013-ல் நீக்கப்பட்ட கதைக்குத் தானாக வந்து சேரும். அங்கிருந்துதான் உங்கள் வேலை தொடங்கும்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் கடிதத்தில் நான் சுருக்கும்போது விட்டுவிட்ட ஒரு பத்தி இருக்கிறது. குளிர்காலத்து வெள்ளத்தைப் பாதாம் தோப்புகளில் பாயவிட்டு நிலத்துக்குள் இறக்கும் சோதனையைப் பார்த்தபோது, 'இதைத்தானே எங்கள் ஊர்க் கண்மாய் செய்துகொண்டிருந்தது' என்று தோன்றியதாக எழுதியிருந்தீர்கள். உண்மைதான். மேடையில் சொன்னால் கைதட்டும் கிடைக்கும். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் கண்மாயில் மண்டிக்கிடக்கும் கருவேலத்துக்கு யார் பதில் சொல்வது? அதோடு, அவர்களுடையது ஆழமான வண்டல். நம் மாநிலத்தில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவான பரப்பு கடும்பாறை, தண்ணீர் வெடிப்பில்தான் நிற்கும். அங்கே கற்ற கணக்கை அப்படியே இங்கே போட்டால் விடை தப்பாகத்தான் வரும் என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள்.

அப்படியானால் எதைத்தான் கொண்டுவருவது? ஒரு பிர்கா (குறுவட்டம்) அளவுக்குக் கொண்டுவாருங்கள். நம்மிடம் ஆயிரத்துக்கு மேல் பிர்காக்கள் இருக்கின்றன, நிலத்தடி நீர்க் கணக்கை அந்த அளவில்தான் போடுகிறோம். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த, அதீத இறைப்பு என்று குறிக்கப்பட்ட ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விவசாய மோட்டாருக்கு இலவச மின்சாரம், மீட்டர் இல்லை, எவ்வளவு இறைக்கிறார்கள் என்பது நமக்கு ஊகம்தான். அங்கேயும் பல கிணறுகளுக்கு மீட்டர் இல்லை. அதற்காகத்தான் செயற்கைக்கோள் படங்களிலிருந்து பயிர் ஆவியாக்கும் நீரைக் கணக்கிடக் கற்றுக்கொண்டார்கள். நீங்களும் அங்கே ஓர் அலுவலகத்தோடு சேர்ந்து வேலை செய்த ஆறு வாரத்தில் அதைத்தான் செய்ததாகச் சொல்கிறீர்கள். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008-லிருந்து உலகத்தில் யாருக்கும் இலவசம். பட்ஜெட் வேண்டாம், அனுமதிக் கோப்பு வேண்டாம், உங்களைக் கணக்குப் பிரிவிலேயே போட்டாலும் இதைச் செய்வதை யாரும் தடுக்கப்போவதில்லை. ஒரு பருவம், ஒரு பிர்கா. கண்காணிப்புக் கிணற்று அளவோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் இன்னும் நல்லது, ஏன் என்று யோசிக்க ஒரு கேள்வி கிடைத்துவிட்டது.

முன்பு சொன்ன 'நேரத்தைக் கொண்டுவருவது' இதுதான். வாரத்தில் இரண்டு மணி நேரம். அலுவலகத்தில் கிடைக்காது, அங்கே தேடாதீர்கள். வீட்டிலும் சமையலறைக்கும் வீட்டுப்பாடத்துக்கும் நடுவில் கிடைக்காது. சனிக்கிழமை காலை மாவட்ட மைய நூலகமோ, கல்லூரி ஒன்றின் நிலவியல் துறையோ, எங்கேயாவது ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கணவரிடம் இதைத் திரும்பிய முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள், 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்றால் அது நடக்காது. நான் கேட்கவில்லை. எனக்கு அந்த இரண்டு மணி நேரம் பணி ஓய்வுக்குப் பிறகுதான் கிடைத்தது.

சம்பந்தமில்லாத பிரிவு என்ற பயத்துக்கு ஒன்று செய்யலாம். புறப்படுவதற்கு முன்பே துறைத் தலைமைக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். என்ன கற்றேன், எந்த மாவட்டப் பணியில் அது பயன்படும், எந்தத் தேதியில் பணியில் சேர்கிறேன், இவ்வளவு போதும். வேண்டுகோளாக ஒரு வரி இருக்கட்டும், உரிமைக் குரலாக வேண்டாம். பலன் இருக்குமா என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் கோப்பில் ஒரு தாள் இருப்பதற்கும் இல்லாததற்கும் நம் ஊரில் எவ்வளவு வித்தியாசம் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம், நீங்கள் கடிதத்தில் குறிப்பிடாத ஒருவர் இருக்கிறார். இந்தப் பத்து மாதம் உங்கள் இடத்தைக் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டவர். மாதாமாதம் கிணற்று மட்டம் எடுக்க அவர்தான் ஜீப்புக்கு அலைந்திருப்பார், சட்டமன்றக் கேள்விக்கு ராத்திரியில் பதில் தயார் செய்திருப்பார். உங்களுக்கு டேவிஸ் கிடைத்ததில் அவர் பங்கு உண்டு, அவருக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. சாக்லேட் டப்பாவோடு முடித்துவிடாதீர்கள். ஒரு முழு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து என்னென்ன நடந்தது என்று கேளுங்கள். அடுத்து, அவர் ஒத்திவைத்திருக்கும் விடுப்பை எடுக்கச் சொல்லிவிட்டு அவருடைய பொறுப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஊர் திரும்பிய பிறகு என் பொறுப்பைப் பார்த்த மனிதர் மூன்று ஆண்டு என்னிடம் சரியாகப் பேசவில்லை. காரணம் எனக்கு வெகுநாள் புரியவில்லை என்பதுதான் வெட்கம்.

இன்னொரு சின்னப் பயிற்சி. இந்த மூன்று வாரத்துக்குள் உங்கள் அம்மாவுக்கோ மாமியாருக்கோ போன் போட்டு, அங்கே என்னதான் படித்தீர்கள் என்பதைத் தமிழில் பத்து நிமிடம் சொல்லிப் பாருங்கள். திணறுவீர்கள். நான் திணறினேன். டெல்ஃப்டில் 'மிகை நீரெடுப்பு' என்று பக்கம் பக்கமாகப் படித்ததை என் அப்பாவிடம் விளக்கத் தொடங்கினேன். அவர் கேட்டுவிட்டு, "ஊறுறதவிட எறைக்கிறது ஜாஸ்திங்கிற, அதானே?" என்றார். அதேதான். நீங்கள் துறைக்குக் கொடுக்கவேண்டிய ஆங்கில அறிக்கை இருக்கட்டும். அதோடு தமிழில் நான்கு பக்கம், கிணற்று மட்டம் எடுக்கப் போகும் களப் பணியாளர் படித்தால் புரிகிற மாதிரி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்து போய் வந்தவர்களில் அப்படி எழுதியவர்கள் மிகக் குறைவு.

நான் ஹாலந்தில் கற்றதில் கடைசிவரை உடன் வந்தது எது என்று சொன்னால் உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். கணினி மாதிரிகள் இல்லை, அவை ஐந்து வருடத்தில் பழசாகிவிட்டன. அங்கே நீர் வாரியங்கள் 13-ம் நூற்றாண்டிலிருந்து இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் கூட்டத்துக்கு எங்களைக் கூட்டிப் போனார்கள். ஒரு மதகு எத்தனை சென்டிமீட்டர் உயர வேண்டும் என்று மாட்டுப் பண்ணைக்காரர்களும் வீட்டுக்காரர்களும் மூன்று மணி நேரம் பேசினார்கள். வாரியத்தின் பொறியாளர் அந்த மூன்று மணி நேரமும் குறிப்பெடுத்துக்கொண்டு மட்டும் இருந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது, இந்த ஆள் ஏன் பதில் சொல்லாமல் இருக்கிறார் என்று. பதினைந்து வருடம் கழித்து ஒரு கண்மாய் மடைத் தகராறில் இரண்டு ஊர்க்காரர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தபோது, நானும் வாயை மூடிக்கொண்டு குறிப்பெடுத்தேன். அன்று மாலைக்குள் அவர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள். உங்களுக்கும் அப்படி ஏதோ ஒன்று ஏற்கனவே பைக்குள் விழுந்திருக்கும். எது என்று இப்போது தெரியாது.

மகள். இதில் நான் நிபுணன் இல்லை, தகப்பன் மட்டும்தான். பத்து மாதமாக அவளுக்குத் தலை வாரிப் பின்னல் போட்டது பாட்டி. நீங்கள் வந்த மறுநாள் காலையில் சீப்பை எடுத்துக்கொண்டு அவள் பாட்டியிடம்தான் போவாள். அது உங்களைக் குத்தும். குத்தட்டும், சீப்பைப் பிடுங்காதீர்கள். பாட்டியே ஒரு மாதம் பின்னட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ரிப்பன் எடுத்துக் கொடுங்கள். கணவரும் மாறியிருப்பார். காய் வாங்க, பெற்றோர் கூட்டத்துக்குப் போக, காய்ச்சலுக்கு மருந்து அளந்து கொடுக்கக் கற்றிருப்பார். ஊர் திரும்பும் பெண்கள் செய்யும் பெரிய தவறு, குற்ற உணர்வில் அத்தனையையும் ஒரே வாரத்தில் திரும்ப வாங்கிக்கொள்வது. கொடுத்தது கொடுத்ததாகவே பாதியாவது இருக்கட்டும். உங்கள் சனிக்கிழமைக் காலை அதில்தான் அடங்கியிருக்கிறது.

சக ஃபெலோக்களின் வாட்ஸ்அப் குழு இப்போது நாளுக்கு நூறு செய்தி ஓடிக்கொண்டிருக்கும். தீபாவளிக்குள் பிறந்தநாள் வாழ்த்து மட்டும் மிஞ்சும். வருத்தப்பட ஒன்றுமில்லை. இருபது பேரையும் பிடித்துவைக்கப் பார்க்காமல், இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து மாதம் ஒருமுறை பேசுவது என்று இப்போதே நாள் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் துறையைச் சேராதவர் ஒருவராவது இருந்தால் நல்லது. ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாரே, அந்தக் கானாக்காரருக்கும் எனக்கும் இன்றும் கடிதப் போக்குவரத்து உண்டு, இப்போது மின்னஞ்சலில். அவர் பேரனுக்கு என் பெயரின் பாதியை வைத்திருக்கிறார். உச்சரிக்கத்தான் வரவில்லையாம்.

சில்லறை வேலைகள் இரண்டு. வங்கிக் கணக்கை அவசரப்பட்டு மூடாதீர்கள், வாடகை முன்பணம் திரும்பி வர வேண்டியிருக்கும். இந்த ஆண்டு ஜனவரியிலிருந்து வாங்கிய உதவித்தொகைக்கு அடுத்த ஆண்டு ஊரிலிருந்தபடியே வரிப் படிவம் அனுப்ப வேண்டியிருக்கும். பல்கலைக்கழக அலுவலகத்தில் இதை இப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே இருக்கும்போது ஐந்து நிமிடத்தில் முடிவது, ஊருக்கு வந்தபின் ஐந்து ராத்திரி கண்விழிக்க வைக்கும்.

சரி, சைக்கிள். கொண்டுவர முடியும், பிரித்துப் பெட்டியில் கட்டினால் விமானத்தில் ஏற்றுவார்கள். ஆனால் நீங்கள் கொடுத்த விலையைவிட அந்தச் செலவு அதிகமாகிவிடும். 1967-லேயே சைக்கிளுக்கென்று சாலையில் தனிக் கோடு போட்ட ஊர் அது. அங்கே ஓட்டிப் பழகிய வண்டியை நம் நான்குவழிச் சாலை ஓரத்தில் ஓட்டினால் அழுகை வராது, வேறு ஏதாவது வரும். வரும் ஆகஸ்டில் உங்கள் இடத்துக்கு இன்னொருவர் வருவார். முதல் வாரம் அவருக்குக் கடைக்குப் போகவும் வழி தெரியாது. உங்களை வரவேற்ற அதே அலுவலகத்தில் சைக்கிளையும் காற்றடிக்கும் பம்பையும் விட்டுவிட்டு, எந்தத் தெருவில் இந்திய மளிகை கிடைக்கும் என்று ஒரு சீட்டு எழுதிக் கைப்பிடியில் கட்டிவிடுங்கள்.

பூட்டின் சாவியை மட்டும் மறக்காமல் கொடுத்துவிட்டு வாருங்கள். நான் என் சைக்கிளை இலங்கைக்காரர் ஒருவருக்கென்று டெல்ஃப்ட் ரயில் நிலையத்தில் பூட்டி நிறுத்திவிட்டு, சாவியைச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு விமானம் ஏறிவிட்டேன். அது இன்னும் என் மேஜை டிராயரில்தான் கிடக்கிறது.